ஆறாவது நீர்

ஷாபிஈ மத்ஹபின் தொடக்கப் பாடநூலைத் திறந்ததும் முதலில் வருவது நீரின் பாடம். தூய்மை செய்துகொள்ளத் தகுந்த நீர் ஏழு வகை என்று உஸ்தாதுமார்கள் ஓதிக் கொடுப்பார்கள். வான்நீர், கடல்நீர், ஆற்றுநீர், கிணற்றுநீர், ஊற்றுநீர் ஆகிய ஐந்தையும் நம் கடற்கரை ஊர்ப் பிள்ளைகளுக்கு விளக்க வேண்டிய தேவையில்லை. ஆறாவதாக ‘மாஉத் தல்ஜ்’ என்று வரும். அது வெண்பனி உருகிய நீர். ஏழாவது ஆலங்கட்டி நீர். முப்பது ஆண்டுகளாக மத்ரஸாவில் இப்பாடத்தை நடத்திவந்த நாம், ஆறாவதற்கு வந்ததும் மீன்பெட்டிக்குள் போடும் ஐஸ் கட்டியைச் சொல்லி ஒப்பேற்றிவிடுவது வழக்கம். ஒரு முறை ஒரு சிறுவன், “உஸ்தாத், அது வானத்திலேர்ந்து விழுந்தா தலையில அடிபடாதா?” என்று கேட்டான். வகுப்பே சிரித்தது. நமக்கும் விடை தெரியாது. பிள்ளைகளோடு சேர்ந்து சிரித்துவிட்டு அடுத்த பாடத்துக்குப் போய்விட்டோம்.

அந்த விடையை ஐம்பத்தாறாம் வயதில் கனடா நாட்டின் ஒரு சரளைப் பாதையில் நின்று தெரிந்துகொண்டோம். விழும்போது அடிபடுவதில்லை. பஞ்சுத் துணுக்குபோல் ஓசையின்றி வந்து தோளில் அமர்கிறது. அதன் கனம் விழுந்த பிறகே தெரிகிறது.

நம் மகளுக்குத் தலைப்பிரசவம். நீண்ட பயணம் கூடாதென்று மருத்துவர் சொல்லிவிட்டதால், அவள் தாய்வீட்டுக்கு வருவதற்கு மாறாக, தாயும் தகப்பனும் அவள் வீட்டுக்குப் போவதென்று முடிவாயிற்று. 2024 அக்டோபரில் நாமும் நம் துணைவியாரும் போய்ச் சேர்ந்தோம். டொராண்டோவிலிருந்து வடக்கே ஏறத்தாழ 100 கிலோமீட்டரில் பேரி என்றொரு நகரம். அதற்கும் ஒரிலியா என்னும் ஊருக்கும் இடைப்பட்ட நாட்டுப்புறத்தில் பழைய பண்ணை வீடொன்றில் அவர்கள் குடியிருந்தார்கள். மாப்பிள்ளை ஒரு முதியோர் இல்லத்தில் செவிலியர். ஒரு வாரம் பகல் வேலை, ஒரு வாரம் இரவு வேலை. வீட்டு வாசலிலிருந்து சாலை வரையில் 110 மீட்டர் நீளத்துக்குச் சரளைக்கல் பாதை, நடுவில் ஒரு வளைவு. குழந்தை ஜனவரியில் பிறக்கும் என்று நாள் குறித்திருந்தார்கள். ஜனவரி என்றதும் அங்குள்ளவர்கள் எல்லோரும் மகளின் முகத்தைப் பார்த்துவிட்டு அந்தப் பாதையையும் ஒரு முறை பார்த்தார்கள். அதன் பொருள் நமக்கு அப்போது விளங்கவில்லை.

அவ்வட்டாரத்துக்கு மேற்கிலும் வடமேற்கிலும் ஹ்யூரன் ஏரியும் அதன் கிளையான ஜார்ஜியன் விரிகுடாவும் கிடக்கின்றன. ஏரி என்று நாம் சொன்னாலும் கண்ணுக்கெட்டிய வரை கரை தெரியாத நீர்ப்பரப்பு. முன்குளிர் காலத்தில் ஏரி இன்னும் உறையாமல், காற்றைவிட வெதுவெதுப்பாக இருக்கும். வடக்கேயிருந்து வரும் கடுங்குளிர்க் காற்று அதன்மேல் ஓடி ஈரத்தை அள்ளிக்கொண்டு கரையேறியதும் பனியாகக் கொட்டிவிடுகிறது. அது பரந்து பெய்வதுமில்லை. ஒரு நாடா விரித்தாற்போல் பெய்யும். நாடாவின் கீழ் அகப்பட்ட ஊர் புதைந்துபோக, சில கல் தொலைவிலுள்ள ஊரில் வெயிலடிக்கும். 2024 நவம்பர் இறுதியில் ஒரிலியாவுக்கு வடக்கேயுள்ள கிரேவன்ஹர்ஸ்ட் நகரம் அப்படித்தான் அகப்பட்டது. சில நாட்களில் ஒரு மீட்டருக்கும் அதிகமான பனி. 11ஆம் எண் நெடுஞ்சாலை மூடப்பட்டது. நகரம் அவசர நிலையை அறிவித்தது. நம் வாசலில் அன்று கணுக்காலளவுகூட இல்லை.

பொதுச் சாலையைத் துப்புரவாக்குவது அரசின் பொறுப்பு. வீட்டுப் பாதை வீட்டுக்காரர் பாடு. தன் பாதையில் கிடக்கும் பனியைச் சாலைமேல் தள்ளிவிட்டுப் போகவும் ஒண்டாரியோ மாகாணச் சட்டம் இடங்கொடுப்பதில்லை. ஃபராயிள் கணக்குப் போட்டுப் பழகிய கை சும்மா இருக்குமா? 110 மீட்டர் நீளம், 3 மீட்டர் அகலம், 30 சென்டிமீட்டர் உயரம் என்று ஒரு மாலை கணக்கிட்டுப் பார்த்தோம். ஏறத்தாழ 100 கன மீட்டர் வந்தது. புதிதாய் விழுந்த உலர்பனி கன மீட்டருக்கு 50 முதல் 100 கிலோ இருக்கும். ஈரப்பனியாயின் அதைப்போல் இரண்டு மூன்று மடங்கு. ஆக, ஓர் இரவுப் பனி என்பது வாசலில் பத்து டன், இருபது டன் சரக்கு வந்து இறங்கியதற்குச் சமம். மண்வெட்டி எடுத்து ஒருவர் அள்ளி முடிக்கும் காரியமன்று.

இதற்காக மாப்பிள்ளை அந்த ஆண்டுதான் பழைய வேலைவண்டி ஒன்றை வாங்கியிருந்தார். இருவர் அருகருகே அமரலாம். நான்கு சக்கரங்களுக்கும் விசை உண்டு, பின்னால் சிறு தொட்டி. ஜீப்புக்குத் தம்பி எனலாம். அதன் முன்னால் பூட்டுவதற்கு 72 அங்குல அகலத்தில் வளைந்த இரும்புத் தகடு ஒன்று, பெட்டி பெட்டியாகப் பிரிந்த நிலையில் வந்து கிடந்தது. ஆங்கிலத்தில் இதற்கு ஏரின் பெயரை வைத்திருக்கிறார்கள். நமக்கென்னவோ அது பொருந்தவில்லை. ஏர் மண்ணைக் கீறும். இது மண்ணைத் தொடாமல் மேலே கிடப்பதை மட்டும் ஒதுக்க வேண்டும். உழுத வயலைச் சமன் செய்ய நம் உழவர்கள் இழுக்கும் பரம்புப் பலகைதான் இதற்கு நெருங்கிய உறவு. பரம்பை மாடு பின்னால் இழுக்கும், இதை வண்டி முன்னால் தள்ளும் என்பதே வேறுபாடு. எனவே இக்கட்டுரையில் அதைப் பரம்பு என்றே சொல்லிக்கொள்கிறோம்.

தரை உறைவதற்கு முன் பூட்டிவிட வேண்டும் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை தொடங்கினோம். வண்டியின் வயிற்றுக்கடியில் ஒரு கனத்த இரும்புத் தட்டைச் சட்டத்தோடு போல்ட்டு வைத்து முடுக்க வேண்டும். தள்ளும் விசையெல்லாம் அங்கேதான் தாங்கப்படுகிறது. தட்டிலிருந்து இரண்டு நீண்ட கைகள் முன்னே வந்து பரம்பைப் பிடித்துக்கொள்ளும். வண்டியின் நெற்றியில் வின்ச்சு என்னும் மின்சுருளி ஒன்று. அதன் கயிற்றுக் கொக்கியைக் கைகளின் மேலுள்ள வளையத்தில் மாட்டினால், பொத்தானை அழுத்தியதும் பரம்பு எழும்பும், தாழும். பரம்பை நேராகவும், இடப்புறமோ வலப்புறமோ சாய்த்தும் ஓர் ஊசியால் நிறுத்தலாம். சாய்த்து வைத்தால் பனி ஒரு பக்கமாக உருண்டு ஒதுங்கும். ஆனால் 30 பாகை சாய்த்தால் 72 அங்குலம் முன்பார்வைக்கு 62 அங்குலமாகக் குறைந்துவிடுகிறது. அந்த அளவும் சக்கரங்களின் அகலத்துக்குக் குறையலாகாது. குறைந்தால் தான் ஒதுக்காத பனியைத் தானே மிதித்துக் கட்டியாக்கிக்கொண்டு போகும்.

கூடவே ஒரு கையேடு வந்திருந்தது. படங்களும் அம்புக்குறிகளும் ஒரு வரிக்கு நான்கு சொற்களும். பார்த்ததும் நமக்குப் பழைய மத்னு நூல்கள் நினைவுக்கு வந்தன. எல்லாம் அதற்குள் இருக்கும், ஷரஹு இல்லாமல் ஒன்றும் விளங்காது. ஷரஹு பக்கத்து வீட்டிலிருந்து வந்தது. எழுபது வயதைக் கடந்த ஒரு விவசாயி. பிறந்ததிலிருந்து அதே மண்ணில் இருப்பவர். வேலியோரம் நின்று நாம் படும் பாட்டைச் சற்று நேரம் பார்த்திருந்துவிட்டு, கேளாமலே உள்ளே வந்து, கையுறையைக் கழற்றினார்.

முதலில் சக்கரங்களின் காற்றை அளந்தார். நான்கும் சமமாக இல்லையெனில் பரம்பு ஒரு தோளைச் சாய்த்து நிற்கும், பிறகு எதைத் திருத்தினாலும் பயனில்லை என்றார். அடுத்து, பரம்பின் எடையால் வண்டியின் மூக்குத் தாழ்ந்திருப்பதைக் காட்டி, முன் ஸ்பிரிங்குகளை ஒரு படி முடுக்கச் சொன்னார். பின்தொட்டியில் இருபது கிலோ மணல் மூட்டைகள் ஐந்தை ஏற்றச் செய்தார். முன்னால் கனம் ஏறியபின் பின்சக்கரம் பிடிப்பிழந்து சுழலாமல் இருக்க அது வேண்டும். இத்தனைக்கும் பிறகுதான் பரம்பைத் தொட்டார்.

பரம்பின் அடியோரத்தில் தேய்வதற்கென்றே ஒரு இரும்புப் பட்டை போல்ட்டு வைத்திருக்கும். தேய்ந்தால் அதை மட்டும் மாற்றலாம். பரம்பின் பின்புறம் இரு முனைகளிலும் கிண்ணத்தைக் கவிழ்த்தாற்போல் இரண்டு இரும்புக் காலணிகள். பரம்பு தரையில் அமரும்போது உண்மையில் அமர்வது இந்தக் காலணிகள்தாம். காலணியின் தண்டில் வாசர்களைக் கூட்டியும் குறைத்தும், பட்டைக்கும் தரைக்கும் உள்ள இடைவெளியை அமைத்துக்கொள்ளலாம். சிமெண்டோ தாரோ போட்ட பாதையாயின் இடைவெளி ஏறக்குறைய வேண்டியதில்லை. சரளையாயின் ஓர் அங்குலமாவது விட்டாக வேண்டும். மாப்பிள்ளைக்கு அது பிடிக்கவில்லை. ஓர் அங்குலப் பனியை விட்டுவைக்கவா இத்தனை பாடு என்று கேட்டார். கிழவர் சிரித்துக்கொண்டு, முழுவதும் வழித்தால் வசந்த காலத்தில் உங்கள் சரளைக்கல்லைப் புல்வெளியில்தான் பொறுக்க வேண்டும் என்றார்.

நமக்கு அது உடனே விளங்கியது. ஆறுமுகநேரிப் பக்கத்து உப்பளங்களைச் சிறு வயது முதல் பார்த்தவர்கள் நாம். பாத்தியில் விளைந்த உப்பை நீண்ட கைப்பிடியுள்ள பலகையால் வாருகிறவர்கள் அடிமண் கலங்காமல் வாருவார்கள். கை சற்றே அழுந்தினால் உப்பு கறுத்துவிடும். அந்த வெயிலில் கற்ற பாடம் இந்தக் குளிரில் உதவுமென்று யார் கண்டார்? வாசர்களை எண்ணிக் கோக்கும் வேலையை நாமே கேட்டு வாங்கிக்கொண்டோம். ஒரு பலகைத் துண்டை அடியில் நுழைத்து இருபுறமும் அளந்து, சரி என்று கிழவர் தலையசைத்தபோது ஸனது வாங்கிய மகிழ்ச்சி நமக்கு.

மற்றொன்றையும் அவர் விளக்கினார். இக்கதைக்கு அதுதான் முக்கியம். பரம்பு கைகளோடு இறுகப் பிணைந்ததன்று. அடியில் கீலும், பின்னால் மேற்பகுதியில் இரண்டு பெரிய சுருள் ஸ்பிரிங்குகளும் அதைப் பிடித்து நிறுத்துகின்றன. பனிக்குள் மறைந்த கல்லிலோ வேரிலோ அடியோரம் மோதினால், ஸ்பிரிங்கு நீண்டுகொடுக்க, பரம்பின் தலை முன்னால் கவிழும், அடி பின்வாங்கித் தடையைத் தாண்டும், தாண்டியதும் ஸ்பிரிங்கு அதை இழுத்து நிமிர்த்திவிடும். ஒரு நட்டைத் திருகி ஸ்பிரிங்கின் இறுக்கத்தை அமைக்கலாம். தளர்ந்தால் வெறும் பனிக்கே பரம்பு கவிழ்ந்து கவிழ்ந்து எழும். இறுகினால் எதற்கும் கவிழாது, மோதலை அப்படியே வண்டிக்கும் வண்டியிலுள்ள மனிதருக்கும் அனுப்பிவிடும். சும்மா நிற்கும்போது சுருளின் வளையங்களுக்கிடையில் ஒரு தாள் நுழைய வேண்டும், அதற்கு மேல் வேண்டாம் என்று அவர் தம் சட்டைப்பையிலிருந்த கடைச் சீட்டொன்றை நுழைத்துக் காட்டினார்.

கயிற்றைப் பற்றியும் சொன்னார். தள்ளும்போது கயிறு சற்றுத் தொய்ந்திருக்க வேண்டும், அப்போதுதான் பரம்பு தரையின் மேடுபள்ளத்தோடு ஏறி இறங்கும். வேலை முடிந்ததும் பரம்பைத் தரையில் இறக்கிவிட வேண்டும், கயிற்றில் தொங்கவிடக் கூடாது. எட்டு கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டலாகாது. இருக்கைப் பட்டை போட்டாக வேண்டும். கடைசியாகப் பாதையின் இருமருங்கிலும் செம்மஞ்சள் நிறக் குச்சிகளை ஊன்றச் செய்தார். பனி மூடியபின் பாதை எது, பள்ளம் எது என்பதைக் குச்சி ஒன்றே சொல்லும். வளைவில் மண்ணில் பாதி புதைந்த ஒரு பெருங்கல் இருந்தது. அதன் பக்கத்தில் இரண்டு குச்சி.

நவம்பர் மூன்றாவது வாரம் முதற்பனி விழுந்தது. மகள் கண்ணாடி வழியே கையைக் காட்டி, “வாப்பா, இதுதான் நீங்க ஓதிக் கொடுத்த தல்ஜு” என்றாள். நாம் வெளியே ஓடிப்போய் ஒரு கைப்பிடி அள்ளி உருகவிட்டு முகத்தில் தடவிக்கொண்டோம். முப்பது ஆண்டுப் பாடத்துக்கு அன்றுதான் செயல்முறை. பரம்பை ஓட்டலாமே என்று துடித்த நம்மைக் கிழவர் தடுத்தார். முதற்பனியைத் தள்ளாதீர்கள், வண்டியால் மிதித்து உறையவிடுங்கள், அது சரளைக்கு மேல் ஒரு தளமாகிவிடும் என்றார். அப்படியே செய்தோம்.

டிசம்பர் நடுவில் ஒரு நாள் ஈரப்பனி. களிமண் போன்ற கனம். இரவு வேலைக்குப் போகுமுன் மாப்பிள்ளை தள்ள முயன்றபோது பரம்பு நாலடிக்கொரு தரம் கவிழ்ந்தது. பாதி தள்ளி, சலிப்போடு வேலைக்குப் போனார். மறுநாள் முற்பகல் அவர் உறங்கிக்கொண்டிருந்தார். உபகாரம் செய்ய வேண்டும் என்ற எண்ணம் நம்மைச் சும்மா இருக்கவிடவில்லை. மகள் வீட்டுச் சோற்றை உண்டுகொண்டு கணப்பின் அருகில் அமர்ந்திருப்பது எந்தத் தகப்பனுக்கும் எளிதன்று. ஸ்பானரை எடுத்துக்கொண்டு கொட்டகைக்குப் போனோம். காலணிக்கு வாசர் கோத்த கையல்லவா, கொஞ்சம் கர்வமும் இருந்தது. இரண்டு நட்டையும் வரும்வரை திருகினோம். வளையங்கள் பல்லிளித்தாற்போல் விரிந்தன. தாள் நுழைகிறதா என்று பார்க்கவில்லை. இனிக் கவிழாது என்ற திருப்தியோடு திரும்பினோம். சொல்லவுமில்லை. எழுந்ததும் சொல்லலாம் என்றிருந்தோம். லுஹருக்குப் பின் மறந்துவிட்டது.

இரண்டு நாள் கழித்து மீண்டும் பனி. மாப்பிள்ளை தள்ளும் சத்தத்தை வீட்டுக்குள்ளிருந்து கேட்டுக்கொண்டிருந்தோம். பரம்பு கவிழவேயில்லை. நம் கைத்திறனை நாமே மெச்சிக்கொண்டிருந்த வேளையில் இடிபோல் ஒரு சத்தம், அதற்குப் பின் அமைதி. ஓடிப்போய்ப் பார்த்தால் வண்டி வளைவில் நிற்கிறது. காற்றில் சாய்ந்த குச்சி பனிக்குள் கிடக்கிறது. பரம்பு அந்தக் கல்லில் மோதி, தலை கவிழாமல் அப்படியே நிற்கிறது. தள்ளும் கைகளில் ஒன்று வளைந்துவிட்டது. வீட்டு வாசல்தானே என்று மாப்பிள்ளை பட்டை போட்டிருக்கவில்லை. முகம் சக்கரத்தில் மோதி உதடு கிழிந்து, வெண்பனியில் இரத்தம் சொட்டிக்கொண்டிருந்தது. முன்பல் ஒன்று ஆடியது. நல்லவேளை, மெதுவாகத்தான் வந்தார், அல்ஹம்துலில்லாஹ். வாசலில் நிறைமாதக் கர்ப்பிணியாக நம் மகள் இரு கையாலும் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அந்த முகத்தை இப்போதும் மறக்கக்கூடவில்லை.

மாலையில் கிழவர் வந்து குனிந்து பார்த்தார். ஸ்பிரிங்கைப் பார்த்ததும் விரலை வளையத்துக்குள் நுழைத்தார். விரலே நுழைந்தது. நாம் அமைத்தது இப்படி இல்லையே என்றார். மாப்பிள்ளை நம்மைப் பார்க்கவுமில்லை, நம்மை ஐயுறவுமில்லை. விற்ற கடையில்தான் ஏதோ கோளாறான ஸ்பிரிங்கைக் கொடுத்திருக்கிறார்கள் என்று அவராகவே ஒரு காரணம் கண்டுகொண்டார். நாம் வாய் திறக்கவில்லை. கிழவர் மட்டும் ஒரு கணம் நம் கையைப் பார்த்தார் என்று நமக்குத் தோன்றியது. பார்க்காமலும் இருந்திருக்கலாம்.

அன்றிரவு இஷாவுக்குப் பின் மாப்பிள்ளை வீங்கிய உதட்டோடு மேசையருகில் அமர்ந்து கடைக்காரருக்கு முறையீட்டுக் கடிதம் எழுதத் தொடங்கினார். நாம் தஸ்பீஹை உருட்டியவாறு அந்த அறையிலேயே அமர்ந்திருந்தோம். குற்றமற்றவர்மேல் குற்றத்தைச் சுமத்துவதற்கு அரபியில் ‘புஹ்தான்’ என்று பெயர். எத்தனை வகுப்புகளில் அச்சொல்லின் வேரைப் பிரித்துக் காட்டியிருக்கிறோம்! கேட்டவன் திகைத்துப்போகும்படியான பொய் என்பதால் அப்பெயர் என்று விளக்கியிருக்கிறோம். இங்கே திகைக்கப் போகிறவர் முகம் தெரியாத ஒரு கடைக்காரர். மறுபுறம் மாமனாரின் மானம் என்ற ஒன்று இருக்கிறதே. நம் ஊரில் மாப்பிள்ளைக்கு முன் மாமனார் குரல் தாழ்வதில்லை. தஸ்பீஹு எத்தனை சுற்றுச் சுற்றியது என்று கணக்கில்லை.

“மாப்பிள்ளை, அதை எழுதாதீங்க. அந்த நட்டைத் திருகினது நாமதான்” என்றோம்.

அவர் பேனாவை வைத்தார். சிறிது நேரம் ஒன்றும் பேசவில்லை. அடுக்களையில் பாத்திரச் சத்தமும் நின்றுவிட்டது. பிறகு, “எப்ப மாமா?” என்றார். சொன்னோம். தூங்கிக்கொண்டிருந்தபோது என்பதையும், சொல்ல மறந்ததையும், மாலையில் மறக்காமலே மறைத்ததையும் சொன்னோம். கடைசியாகச் சொன்னதுதான் தொண்டையை விட்டு வர மறுத்தது. அவர் கடிதத்தை நான்காக மடித்தார். கோபம் இருந்தது, கண்ணில் தெரிந்தது. இல்லாமல் இருக்குமா? “நாளைக்கு நீங்களே வந்து சரியான அளவுக்கு வச்சுக் கொடுங்க மாமா. எனக்கு அந்தத் தாள் கணக்கு சரியா வரமாட்டேங்குது” என்று மட்டும் சொல்லிவிட்டு உறங்கப் போனார். அன்றிரவு நமக்கு உறக்கமில்லை. மத்ரஸாவில் பிரம்பெடுத்த நாட்களும் சில நினைவுக்கு வந்தன. அவை வேறு கதை.

வளைந்த கையைப் பழுது பார்த்துப் பொருத்த ஒரு வாரம் ஆயிற்று. கிழவர் முன்னிலையில் நாமே நட்டைத் தளர்த்தி, கடைச் சீட்டை நுழைத்து, இருபுறமும் ஒத்துப் பார்த்தோம். ஈரப்பனிக்கு என்ன செய்வது என்று அப்போதுதான் கேட்டோம், முன்பே கேட்டிருக்க வேண்டிய கேள்வி. நட்டில் கை வைக்காதே, குறைவாக அள்ளு என்றார். முழு அகலத்தையும் ஒரே மூச்சில் தள்ளாமல் பாதி அகலம் பாதி அகலமாகத் தள்ள வேண்டும். பனி விழ விழ இடையிலேயே ஒருமுறை தள்ளிவிட வேண்டும். தகட்டில் ஒட்டாதிருக்க எண்ணெய்ப் பூச்சு தெளிக்க வேண்டும். தொடக்கத்திலேயே வரம்பை நன்கு அகற்றி ஒதுக்கிவைக்க வேண்டும், இல்லையெனில் ஒதுக்கிய பனி கல்லாய் உறைந்து, பாதை வாரத்துக்கு வாரம் ஒடுங்கிக்கொண்டே வரும்.

அன்று அவர் கியூபெக் மாகாணத்தில் வால்கோர் என்னும் சிற்றூரில் வாழ்ந்த பொம்பார்டியே என்பவரைப் பற்றியும் சொன்னார். 1934 குளிர்காலத்தில் அவருடைய இரண்டு வயது மகன் நோயுற்றான். பாதையைப் பனி அடைத்திருந்ததால் மருத்துவமனைக்குக் கொண்டுபோக வழியில்லாமல் பிள்ளை இறந்தது. தகப்பன் வண்டிப் பட்டறை வைத்திருந்தவர். பனிமேல் ஓடும் வண்டி ஒன்றைச் செய்துவிட வேண்டும் என்று இளமை முதல் முயன்றுகொண்டிருந்தவர். 1937இல் அதற்குக் காப்புரிமை பெற்றார். மருத்துவரையும் தபாலையும் பள்ளிப் பிள்ளைகளையும் அவ்வண்டிகள் சுமந்தன. 1948இல் கியூபெக்கின் சாலைகளைக் குளிர்காலத்திலும் துப்புரவாக வைக்க வேண்டுமென்று சட்டம் வந்ததும் அவர் வண்டிகளின் விற்பனை சரிந்தது என்பது வேடிக்கை. அதற்கும் அசராமல் 1959இல் சிறு பனிவண்டியைச் சந்தைக்குக் கொண்டுவந்தார். மாப்பிள்ளை இதை மொழிபெயர்த்துச் சொல்லும்போது, இரண்டு வயது என்ற இடத்தில் நிறுத்தி வீட்டுப் பக்கம் திரும்பிப் பார்த்தார். அதற்குப் பிறகு அவரே நமக்கு வண்டி ஓட்டக் கற்றுக் கொடுக்கத் தொடங்கினார்.

ஐம்பத்தாறு வயதில் மாணவராவது சுகமான காரியந்தான். பின்னே போகுமுன் பரம்பைத் தூக்கு, வின்ச்சை இயக்கும்போது எஞ்சினை அணைக்காதே, இல்லையெனில் பேட்டரி ஓய்ந்துவிடும், கயிறு முழுதும் சுருண்டபின் பொத்தானை அழுத்திக்கொண்டிராதே என்று அவர் சொல்லச் சொல்ல நாம் ஒப்பித்தோம். இரண்டு குச்சிகளைச் சாய்த்தோம். கல்லை மட்டும் நாம் மறக்கவில்லை.

ஜனவரியில் ஓர் இரவு, இரண்டு மணியிருக்கும். மகளின் குரல் கேட்டு விழித்தோம். வெளியே காற்று. வாசல் விளக்கின் ஒளியில் பனி குறுக்காக ஓடிக்கொண்டிருந்தது. படுக்கப்போகும்போது மாப்பிள்ளை தள்ளி வைத்திருந்த பாதையைக் காணோம். முழங்காலளவு மேவி, குச்சிகளின் தலை மட்டும் தெரிந்தது. துணைவியார் மகளின் முதுகைத் தடவிக்கொண்டிருக்க, மாப்பிள்ளை ஒரு கையால் அவளைத் தாங்கியபடி மறுகையால் சாவியை நீட்டினார். “மாமா, நீங்க போய்த் தள்ளுங்க” என்றார். வேறொன்றும் சொல்லவில்லை.

பட்டையைப் போட்டோம். பிஸ்மி சொல்லிச் சாவியைத் திருகினோம். நான்கு சக்கர விசை, தாழ்ந்த கியர். பரம்பை இறக்கி, கயிறு தொய்கிறதா என்று இறங்கி ஒரு முறை கையால் பார்த்துக்கொண்டோம். முதலில் பாதி அகலம். விளக்கொளியில் பனி மட்டுமே தெரிகிறது, குச்சிக்கும் குச்சிக்கும் நடுவே குறிவைத்துப் போகிறோம். வளைவு வந்தது. காற்று அங்கே பனியை மேடாகக் குவித்திருந்தது. சற்று ஒதுங்கித்தான் போனோம், போதவில்லை. அடியில் டங்கென்று ஒலித்தது. பரம்பு தலை கவிழ்ந்தது, எதன்மீதோ ஏறி இறங்கியது, கிரீச்சென்று ஸ்பிரிங்கு இழுக்க நிமிர்ந்து நின்றது. வண்டி நிற்கவேயில்லை. நம் நெஞ்சுதான் நின்று பின் துடித்தது. சாலைவரை போய், பனியைச் சாலையில் விடாமல் ஓரத்தில் ஒதுக்கி, தூக்கி, திரும்பி, மறுபாதி. மூன்றாம் முறை போய்வந்தபோது கார் வாசலில் தயாராக நின்றது. நாம் ஒதுங்கி வழிவிட்டோம். மகளின் கை கண்ணாடியில் ஒரு கணம் தெரிந்தது. சிவப்பு விளக்குகள் வளைவைக் கடந்து, சாலையேறி, பனிக்குள் மறைந்தன. பொதுச் சாலையில் அரசின் பெரிய வண்டி அப்போதுதான் போயிருந்தது. இருபத்தைந்து கிலோமீட்டருக்குள் மருத்துவமனை.

துணைவியாரும் அவர்களோடு போய்விட்டார். வீட்டில் நாம் தனியே. உள்ளே போய்த் தொழுதோம். சுப்ஹுக்கு வெகுநேரம் இருந்தது. தொலைபேசி மேசையில் கிடந்தது. அது ஒலிக்கும் வரை என்ன செய்வது? ஜன்னல் வழியே பார்த்தால், நாம் திறந்த பாதையின்மேல் அதற்குள் விரற்கடை அளவுக்குப் பனி ஏறியிருந்தது. கார்ச் சக்கரங்களின் தடம் மங்கிக்கொண்டு வந்தது. இரண்டு பேராகப் போன தம்பதியர் மூன்று பேராகத் திரும்புவார்கள், இன்ஷா அல்லாஹ். திரும்பும்போது வழி வேண்டுமே. கையுறையை மாட்டிக்கொண்டு, சட்டைப்பையிலிருந்த அந்தக் கடைச் சீட்டைத் தடவிப் பார்த்துக்கொண்டு, மறுபடி கொட்டகைக்குப் போனோம்.